தலையில் வாளியுடன் பாடிய சிப்பாய்

இராணுவ முகாம்களைக் களமாகக் கொண்ட நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர்களில் தவறாமல் இடம்பெறும் பாத்திரம் ஒன்று உண்டு. சூதுவாது அறியாத, எவரையும் நம்பிவிடுகின்ற, அவமதிப்பவரிடமும் அன்பு காட்டுகின்ற மனிதன் அவன். அவனை ஏமாற்றி வேடிக்கை பார்ப்பது சகாக்களின் பொழுதுபோக்கு. இறுதியில் ஏமாற்றியவர்களே வெட்கித் தலைகுனிவர். இந்த வாய்ப்பாட்டை உலகறியச் செய்தவர்களில் முதன்மையானவன் கோமர் பைல்.

1964 மே 18 ஆம் திகதி அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'அன்டி கிரிபித் ஷோ' தொடரின் ஓர் அத்தியாயம் ஒளிபரப்பாகியது. மேபெரி என்ற கற்பனைக் கிராமத்தில் பெற்றோல் நிரப்பு நிலையத்தில் வேலை செய்யும் வெள்ளந்தியான இளைஞன் கோமர், மரைன் படையில் சேர்கிறான். அவனைக் கண்ட நாளிலிருந்தே வீட்டுக்குத் திருப்பியனுப்பிவிடத் துடிக்கிறார் பயிற்சியாளரான சார்ஜன்ட் கார்ட்டர். தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு மரைன் படையின் கீதத்தைப் பாடுமாறு அவனுக்குத் தண்டனை. அவனோ அதை அவமானமாகவே கருதாமல் மனமுவந்து பாடுகிறான். நண்பனின் நிலையைக் கண்ட மேபெரியின் ஷெரிப் அன்டி, லூசியஸ் பைல் என்ற ஜெனரலின் மகனே இவன் என்று கார்ட்டரை நம்பவைக்கிறார். அதுவரை துரத்திய கார்ட்டர் இப்போது அவனை நல்ல படைவீரனாக்கப் படாதபாடு படுகிறார். ஒரு வேடிக்கையை இன்னொரு வேடிக்கை வென்றுவிடுகிறது.

அந்த ஓர் அத்தியாயத்தின் வரவேற்பிலிருந்து பிறந்ததே 1964 செப்டெம்பர் முதல் 1969 மே வரை 150 அத்தியாயங்களாக ஒளிபரப்பான 'கோமர் பைல், யு.எஸ்.எம்.சி.' என்ற தொடர். கோமராக ஜிம் நேபர்ஸும் கார்ட்டராக பிராங்க் சட்டனும் நடித்தனர். ஓடிய ஐந்து பருவங்களிலும் அது நாட்டில் மிக அதிகமானோர் பார்த்த பத்து நிகழ்ச்சிகளுள் ஒன்றாக விளங்கியது.

கோமருக்கு ஒரு மூத்த சகோதரன் உண்டு எனலாம். மக் ஹைமன் 1954 இல் எழுதிய 'நோ டைம் போர் சார்ஜன்ட்ஸ்' நாவலின் நாயகன் வில் ஸ்டொக்டேல்தான் அவன். 1955 இல் தொலைக்காட்சியிலும் பின்னர் பிரோட்வே மேடையிலும் 1958 இல் திரைப்படத்திலும் அப்பாத்திரத்தில் நடித்தவர் அன்டி கிரிபித். விமானப்படையில் சேர்ந்த அந்தக் கிராமத்து இளைஞனிடம் மலசலகூடத்தைச் சுத்தம் செய்யும் வேலையை ஒரு நிரந்தரப் பதவியைப் போல சார்ஜன்ட் கிங் ஒப்படைக்கிறார். அதைப் பெரும் கௌரவமாக எண்ணிய வில், பார்வையிட வந்த அதிகாரி வியக்குமளவுக்குச் சுத்தம் செய்துவைக்கிறான். பின்னர் சார்ஜன்ட்டின் நற்குணங்களைப் புகழ்வதாக நினைத்து உண்மைகள் அனைத்தையும் அந்த அதிகாரியிடமே ஒப்புவித்துவிடுகிறான். மாட்டிக்கொள்பவர் சார்ஜன்ட்.

இக்கதைகளைப் பார்த்துச் சிரித்த அமெரிக்கர்களுக்கு, பயிற்சி முகாம் எப்போதும் சிரிப்புக்குரிய இடமல்ல என்பது தெரியாததல்ல. 1956 ஏப்ரல் 8 ஆம் திகதி இரவு, தென் கரோலைனாவின் பரிஸ் தீவு முகாமில் மத்தியூ மக்கியோன் என்ற பயிற்சியாளர், ஒழுங்கு கற்பிப்பதாகக் கூறித் தனது அணியினரை ரிப்பன் கிறீக் என்ற சதுப்புநில ஓடைக்குள் நடத்திச் சென்றார். ஆறு இளைஞர்கள் நீரில் மூழ்கி இறந்தனர். மக்கியோன் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். பயிற்சி முறைகள் தேசிய விவாதத்துக்கு உள்ளாகின. அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து வந்த கார்ட்டர், கத்துவார், மிரட்டுவார். ஆனால் அடிமனதில் நல்லவர். அத்தகைய ஒரு பயிற்சியாளரைப் பார்ப்பது பெற்றோருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இனி அந்தத் தொடரின் மௌனத்துக்கு வருவோம். கோமர் படையில் சேர்ந்த 1964 இன் இறுதியில் வியட்நாமில் சுமார் 23 ஆயிரம் அமெரிக்கப் படையினர் இருந்தனர். 1965 மார்ச் 8 ஆம் திகதி மரைன் படையினர் டா நாங் கடற்கரையில் தரையிறங்கினர். 1969 வசந்தகாலத்தில், தொடர் முடிவடைந்த வேளையில், அங்கிருந்த துருப்புகளின் எண்ணிக்கை ஐந்து இலட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அந்தப் போரில் மடிந்த மரைன் படையினர் மாத்திரம் 14 ஆயிரத்துக்கும் அதிகம். ஆனால், கலிபோர்னியாவின் ஹென்டர்சன் என்ற கற்பனை முகாமில் ஐந்து வருடங்களைக் கழித்த கோமர் போர்முனைக்குச் செல்லவேயில்லை. வியட்நாம் அந்தத் தொடரின் உலகத்துக்கு வெளியே இருந்தது.

போர் நடந்த நாடொன்றில் முப்பது வருடங்கள் செய்தி எழுதியவன் என்ற முறையில் இந்த மௌனம் எனக்கு வியப்பளிக்கவில்லை. மாலைச் செய்தியில் மரண எண்ணிக்கையைக் கேட்ட குடும்பம், அதே பெட்டியில் மரணமில்லாத ஒரு இராணுவத்தையும் காண விரும்புவது மனித இயல்பே. என்னை உறுத்துவது வேறு விடயம். கோமர்கள் உண்மையாகவே போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதே அது.

1966 ஆகஸ்டில் பாதுகாப்புச் செயலாளர் ரொபேர்ட் மக்னமாரா 'ஒரு இலட்சம் திட்டம்' என்ற ஏற்பாட்டை அறிவித்தார். இராணுவத்தின் அறிவுத்திறன் பரீட்சையில் தேறாது முன்னர் நிராகரிக்கப்பட்டிருக்கக்கூடிய இளைஞர்களைத் தராதரத்தைத் தளர்த்திச் சேர்த்துக்கொள்வதே திட்டம். வறிய இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சியும் எதிர்காலமும் கிடைக்கும் என்பதே கூறப்பட்ட நியாயம். பல்கலைக்கழக மாணவர்களையும் ரிசேர்வ் படையினரையும் பெருமளவில் அழைத்து அரசியல் எதிர்ப்பைச் சம்பாதிக்காமல் ஆட்பற்றாக்குறையை நிரப்ப முடிந்தமை கூறப்படாத வசதி. 1971 இன் இறுதிவரை மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் இவ்வாறு சேர்க்கப்பட்டனர். ஏறத்தாழ 40 சதவீதமானோர் கறுப்பினத்தவர். கணிசமானோர் காலாட்படைக்கே அனுப்பப்பட்டனர். அவர்களுடைய மரணவீதம் ஏனைய படையினருடையதை விடவும் உயர்வாக இருந்தது. 'மக்னமாராவின் மூடர்கள்' என்பது முகாம்களில் அவர்களுக்குச் சூட்டப்பட்ட பட்டப்பெயர்.

1967 இல் படையில் சேர்ந்த ஹமில்டன் கிரகரி, அத்தகைய ஓர் இளைஞனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பின்னாளில் இத்திட்டம் பற்றித் தான் எழுதிய நூலில் விபரித்திருக்கிறார். அந்த இளைஞனுக்குத் தன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தெரியாது. நாடு போரில் ஈடுபட்டிருப்பதுகூட அவனுக்குத் தெரியாது. கோமரின் உலகத்தில் போர் இல்லை. இந்த இளைஞனின் உலகத்திலும் இல்லை. ஆனால் போரின் உலகத்தில் அவனுக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

கோமரின் பெயர் மீண்டும் ஒருமுறை வேறு தொனியில் ஒலித்தது. வியட்நாமில் மரைன் படையின் போர்ச் செய்தியாளராகப் பணியாற்றிய கஸ்டவ் ஹஸ்போர்ட் 1979 இல் எழுதிய நாவலைத் தழுவி, ஸ்ரான்லி கியூப்ரிக் 1987 இல் 'புல் மெட்டல் ஜக்கெட்' படத்தை இயக்கினார். அதில் தடுமாறும் லெனார்ட் என்ற பருத்த இளைஞனுக்குப் பயிற்சியாளர் வைக்கும் பட்டப்பெயர் 'கோமர் பைல்'. பயிற்சியாளராக நடித்த லீ எர்மி, சான் டியாகோவில் உண்மையாகவே அப்பணியைச் செய்தவர். இங்கும் சகாக்கள் சேர்ந்து 'விளையாடுகிறார்கள்'. நள்ளிரவில் அவனைப் போர்வையால் அமுக்கி, துவாயில் சுற்றிய சவர்க்காரக் கட்டிகளால் ஆள்மாறி ஆள் அடிக்கிறார்கள். அவனுக்குப் பொறுமையுடன் சப்பாத்துக் கட்டக் கற்றுக்கொடுத்த ஒரே நண்பனும் அந்த வரிசையில் நிற்கிறான். லெனார்ட் பயிற்சியாளரைச் சுட்டுக்கொன்று தன்னையும் மாய்த்துக்கொள்கிறான்.

ஜிம் நேபர்ஸை மரைன் படை மறக்கவில்லை. 2001 இல் கௌரவ லான்ஸ் கோப்ரலாகவும் 2007 இல் கோப்ரலாகவும் 2013 இல் சார்ஜன்டாகவும் அவரைத் தரமுயர்த்தியது. அதே 2013 ஜனவரியில்தான் 38 வருடங்கள் தன்னுடன் வாழ்ந்த ஆண் துணைவரை அவர் சியாட்டிலில் சட்டப்படி மணந்துகொண்டார். தன்பாலினத்தவர் தம்மை மறைக்காமல் அமெரிக்கப் படையில் சேவையாற்றுவதற்கு 2011 செப்டெம்பரிலேயே வழி திறந்தது. கோமரைக் கொண்டாடிய அந்தப் படை, நேபர்ஸின் வாழ்க்கையை அறிந்திருந்தால் 1964 இல் அவரைச் சேர்த்துக்கொண்டிருக்காது. 2017 நவம்பர் 30 ஆம் திகதி ஹொனலுலுவில் தனது 87 ஆவது வயதில் அவர் காலமானார்.

வாளியைக் கவிழ்த்துக்கொண்டு பாடிய கோமரைப் பார்த்து நாம் சிரிக்கலாம், அதில் குற்றமில்லை. அரை மணித்தியாலத்துக்குள் யாரோ ஒரு அன்டி வந்து அவனுக்காகப் பேசுவார் என்பதை எழுத்தாளர் முன்கூட்டியே உறுதிசெய்து வைத்திருக்கிறார். மூன்று இலட்சம் பேருக்காகப் பேச எந்த ஷெரிப்பும் முகாம் வாசலுக்கு வரவில்லை. அவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரித்தவர்களில் பலரும்கூட, அவர்களைப் போலவே, கட்டளைக்குக் கீழ்ப்படிந்து சென்ற ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான்.