அயோடின் எண் மட்டும் போதுமா?

1961-இல் உருவான பொதுத்துறை மருந்து நிறுவனமான ஐ.டி.பி.எல். ஹைதராபாத்தின் பாலாநகரில் ஆலை அமைத்தபின், அந்த வட்டாரத்தில் மருந்து மூலப்பொருள் தொழில் வேர்விட்டது. பக்கத்திலுள்ள ஜீடிமெட்லா தொழிற்பேட்டையும் அந்த அலையில் வளர்ந்ததே. இங்கே ஆக்டிவேட்டட் கார்பன் எனும் செயலூட்டிய கரிக்கு இரண்டு வேலைகள்: மருந்துக் கரைசலின் பழுப்பு நிறத்தை நீக்குவது, கழிவுநீரில் மிஞ்சிய கரிமச் சேர்மங்களைப் பிடிப்பது. இரண்டுக்கும் ஒரே அளவுகோலாக அயோடின் எண்ணை வைத்துக் கரி வாங்குவது தவறு என்பதைக் கரியின் வரலாறே காட்டுகிறது.

1785-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மருந்தாளர் லோவிட்ஸ், கரைசலின் நிறத்தைக் கரி நீக்குவதைக் கண்டார். அன்று தரத்தை அளந்தது கண்தான். பின்னர் சர்க்கரை ஆலைகள் கரியை எடுத்துக்கொண்டபோது, வெல்லப்பாகின் நிறத்தை எவ்வளவு நீக்குகிறது என்பதே சோதனையானது. முதல் உலகப்போரில் நச்சுவாயு வந்ததும் தேங்காய்ச் சிரட்டைக் கரிக்கு மதிப்பு கூடியது. வாயு மூலக்கூறுகளைப் பிடிக்கும் நுண்துளைகளும் நொறுங்காத உறுதியும் அதற்கு இருந்தன. ஒவ்வொரு தேவையும் தனக்கேற்ற சோதனையைக் கொண்டுவந்தது.

அயோடின் சோதனையில் கரியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து ஆற்றி, அயோடின் கரைசலைச் சேர்த்து அரை நிமிடம் குலுக்கி வடிகட்டுவார்கள். வடிநீரில் எஞ்சிய அயோடினைத் தயோசல்பேட்டால் தரம்பார்த்து, ஸ்டார்ச்சின் நீலம் மறையும் இடத்தில் கணக்கை முடிப்பார்கள். கரி பிடித்துவைத்த அயோடினின் அளவே அயோடின் எண். மலிவு, விரைவு, எந்த ஆய்வகத்திலும் செய்யலாம். வணிகத்துக்குப் பொது எண் ஒன்று வேண்டாமா என்ற கேள்வி நியாயமானதே. ஒரே மூலப்பொருளில் செய்த இரு தொகுதிகளை ஒப்பிட அது நன்றாகவே உதவும். ஆனால் அயோடின் சிறிய மூலக்கூறு. அது நுழையும் துளைக்குள் பெரிய நிறப்பொருள் நுழையாது. சிரட்டைக் கரியின் எண் உயர்ந்திருந்தும், அகன்ற துளைகள் கொண்ட மரக்கரி நிறநீக்கத்தில் அதை முந்துவது இதனால்தான். மருந்துக் கரைசலில் கரியின் சாம்பலும் இரும்பும் கலந்துவிடக் கூடாது. கழிவுநீர் வடிகலத்தில் பின்னோட்டக் கழுவலைத் தாங்கும் கடினத்தன்மை வேண்டும். இவை எதையும் அந்த எண் சொல்லாது.

சொந்தக் கழிவுநீரையே சிறு வடிகலத்தில் ஓட்டிப் பார்ப்பதற்கு நேரமும் பணமும் செலவாகும் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஜீடிமெட்லாவில் 1980களின் இறுதியிலேயே பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தேவை எழுந்தது; அப்படிப் பல ஆலைகளின் நீர் ஒன்றாகக் கலக்கும்போது மூலக்கூறுகள் ஒரே துளைக்குப் போட்டியிடுவதை ஆய்வகக் குடுவை காட்டாது. சோதனைச் செலவைத் தவிர்த்தால், தவறின் விலையைக் நீரோட்டத்தின் கீழ்ப்பகுதியில் வாழ்வோரின் கிணறுகள் கொடுக்கும். எனவே கொள்முதல் ஆணையில் அயோடின் எண்ணுக்குப் பக்கத்தில், பிடிக்கவேண்டிய பொருளின் பெயரும் அதே நீரில் நடத்திய சோதனையின் முடிவும் எழுதப்பட வேண்டும்.