எல்லைக்கோட்டின் தடிமன்: உருப்பெருக்க அளவும் வரலாற்றுச் சான்றும்

பாறசாலையிலிருந்து களியக்காவிளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் இஞ்சிவிளையைக் கடந்ததும் கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1 முதல் நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் விளவங்கோட்டுத் தாலுகாவையும் இரு மாநிலங்களாகப் பிரிக்கும் கோடு அது. அக்கோட்டைப் பற்றி இன்று எழுதுவோர் பெரும்பாலும் அதனைத் தாளில் காண்பதில்லை; வருடி எடுக்கப்பட்ட பழைய நிலவரைபடத்தைக் கணினித் திரையில், ஃபோட்டோஷாப், கிம்ப் போன்ற படத்திருத்தி மென்பொருளில் திறந்து, பெருக்கியும் சுருக்கியும் காண்கின்றனர். அவ்வாறு காணும்போது திரையின் ஓரத்தில் ஒரு விழுக்காட்டு எண் இருக்கிறது. நமது ஆய்வுகளில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் எண் அதுவே. எல்லைப்பகுதி வரலாற்றை ஆராய்வோர்க்கு அது ஏன் முறையியல் சிக்கலாகிறது என்பதை இங்கே எடுத்துரைக்கிறேன்.

1

பெருக்கிக் காட்டும் வசதி கணினி வரைகலையின் தொடக்கத்திலேயே உண்டு. 1963இல் ஐவன் சதர்லேண்ட் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் முனைவர் பட்டத்திற்காக உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’, திரையைவிட மிகப் பெரிய கற்பனைத் தாள் ஒன்றில் வரையவும், அதன் எப்பகுதி எவ்வளவு பெரிதாகத் தெரியவேண்டும் என்பதைக் குமிழ்களைத் திருகி முடிவு செய்யவும் இடமளித்தது. படம் வேறு, அதன் தோற்றம் வேறு என்னும் பிரிவினை அங்கேயே பிறந்துவிட்டது.

பொதுமக்களிடம் அதனைக் கொண்டுசேர்த்தது 1984இல் மெக்கின்டாஷ் கணினியுடன் வந்த ‘மேக்பெயின்ட்’. பில் அட்கின்சன் எழுதிய அம்மென்பொருளில் ‘ஃபேட்பிட்ஸ்’ என்ற ஏற்பாடு இருந்தது. அது படத்தின் ஒரு சிறு பகுதியை எட்டு மடங்கு பெருக்கி, ஒவ்வொரு படப்புள்ளியையும் தனிக்கட்டமாகக் காட்டியது. கூடவே திரையின் மூலையில் ஒரு சிறு சாளரத்தில் அதே பகுதி உண்மை அளவிலும் தெரிந்தது. அருகிலிருந்து பார்ப்பவன் தான் எதனைப் பார்க்கிறான் என்பதை மறந்துவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது.

1990இல் ஃபோட்டோஷாப்பின் முதற்பதிப்பும், 1996இல் பெர்க்லி மாணவர்களான ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் ஆகியோரின் கிம்ப்பும் வெளிவந்தன. இன்று நாம் பழகியிருக்கும் பார்வை அமைப்புகள் இவற்றின் வழியே நிலைபெற்றவை. முழுப்படத்தையும் திரைக்குள் அடக்கும் ‘ஃபிட்’. படத்தின் ஒரு புள்ளிக்குத் திரையின் ஒரு புள்ளி என்னும் 100 விழுக்காடு. தாளில் அச்சிட்டால் வரும் அளவைக் காட்ட முயலும் ‘பிரிண்ட் சைஸ்’. முழுப்படத்தில் நாம் நிற்கும் இடத்தைச் சுட்டும் ‘நேவிகேட்டர்’. கிம்ப்பில் ‘டாட் ஃபார் டாட்’ என்றொரு தெரிவு உண்டு. அது இயங்கும்போது கோப்பில் குறித்துள்ள அங்குலக் கணக்கைப் பொருட்படுத்தாமல் புள்ளிக்குப் புள்ளி காட்டும். அணைத்தால் அக்கணக்கின்படி உருவளவு மாறும். ஒரே 100 விழுக்காடு இரு பொருள்படும் இடம் இது.

2

இனி எல்லைக்கோட்டிற்கு வருவோம். இந்திய நில அளவைத்துறையின் பழைய வரைபடத்தாள்கள் ஓர் அங்குலத்திற்கு ஒரு மைல், அதாவது 1:63,360 என்னும் அளவுகோலில் வரையப்பட்டவை. அத்தாளில் எல்லைக்கோடு அரை மில்லிமீட்டர் தடிமன் உடையது எனக் கொண்டால், தரையில் அது ஏறத்தாழ 31.7 மீட்டர் அகலத்தை மூடும். பாறசாலை வட்டாரத்தில் வீட்டுமனைகள் சென்ட் கணக்கில் பேசப்படுகின்றன. ஐந்து சென்ட் மனை சதுரமாக அமைந்தால் அதன் பக்கம் ஏறத்தாழ 14 மீட்டர். ஆகவே அக்கோட்டின் தடிமனுக்குள்ளேயே இரண்டு வீடுகள் அடுத்தடுத்து நிற்க இடமுண்டு. அவ்வீடுகள் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவை என்று அத்தாளைக் கேட்பதில் பொருளில்லை.

அதே தாளை அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் வருடினால் ஒரு படப்புள்ளி தரையில் 5.36 மீட்டரைக் குறிக்கும். கோடு ஏறத்தாழ ஆறு புள்ளிகளின் அகலம் பெறும். இதனை 1600 விழுக்காட்டில் திறந்தால் ஒவ்வொரு புள்ளியும் பதினாறுக்குப் பதினாறு என்ற கட்டமாக விரியும். கோடு திரையில் 96 புள்ளிகள் அகலம் கொள்ளும். அங்குலத்திற்கு 96 புள்ளிகள் கொண்ட திரையில் அது ஓர் அங்குலம். தாளில் அரை மில்லிமீட்டராக இருந்தது கண்முன் ஐம்பது மடங்காகப் பெருகி நிற்கிறது. காண்பவரோ பதினாறு மடங்கு என்று எண்ணிக்கொண்டிருப்பார். மீதி மடங்கு வருடலின் அடர்த்திக்கும் திரையின் அடர்த்திக்கும் உள்ள வேறுபாட்டில் ஒளிந்திருக்கிறது.

இவ்வளவு பெருக்கியும் தரையைப் பற்றிய புதிய செய்தி ஒன்றேனும் கிடைத்ததா எனில், இல்லை. ஒரு புள்ளி அப்போதும் 5.36 மீட்டர்தான். 600 புள்ளிகள் வீதம் மீண்டும் வருடினால் அது 2.68 மீட்டராகக் குறையும். ஆனால் அப்போதும் நாம் மேலும் நுணுக்கமாகக் காண்பது மையையும் தாளின் நாரையுமேயன்றி நிலத்தையன்று. வரைந்தவர் அறியாததை எந்த உருப்பெருக்கமும் அறிவிக்காது.

சுருக்குவதிலும் இடர் உண்டு. இருபது அங்குல அகலத் தாள் 300 புள்ளி வீதத்தில் 6,000 புள்ளிகள் அகலமுடைய படமாகும். 1,920 புள்ளி அகலத் திரையில் முழுமையாக அடக்கினால் அது 32 விழுக்காட்டில் தெரியும்; மூன்று புள்ளிகளில் ஒன்றே திரைக்கு வர இடமிருக்கும். மென்பொருள் இடைப்புள்ளிகளைத் தவிர்த்துக் காட்டுமாயின், ஒற்றைப் புள்ளிக் கோடுகள் அறுந்தோ மறைந்தோ போகும். 2008இல் வந்த சி.எஸ்.4 பதிப்புக்கு முந்தைய ஃபோட்டோஷாப்பில் 33.3, 66.7 போன்ற அளவுகளில் மெல்லிய கோடுகள் பல்விளிம்புடன் சிதைந்து தெரிந்ததும், பயன்படுத்தியோர் 50, 25 ஆகிய அளவுகளை நாடியதும் பலர் அறிந்தவை. ‘இவ்வரைபடத்தில் அங்கே எல்லையே குறிக்கப்படவில்லை’ என்று எழுதுமுன், எந்த விழுக்காட்டில் பார்த்து அவ்வாறு சொல்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

3

அளவுகோலைத் தெரிந்தெடுப்பது திரையோடு நிற்கும் செயலன்று. 1956இன் எல்லையே ஒரு பார்வை அளவின் விளைவு.

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11 அன்று தொடுவெட்டியிலும் புதுக்கடையிலும் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பலியாயின. மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அளித்த அறிக்கை இத்தென்பகுதியில் தாலுகாவை அலகாகக் கொண்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்திற்கு வந்தன. நெய்யாற்றின்கரையில் தாலுகா முழுமையில் மலையாளம் பேசுவோரே பெரும்பான்மையினர் என்பதால் அது கேரளத்தில் நின்றது. செங்கோட்டையில் மட்டும் தாலுகா பிளக்கப்பட்டு, மேற்குப் பகுதி கேரளத்தில் தங்கியது.

வடக்கே நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடுக. சென்னை – ஆந்திர எல்லைத் தகராற்றில் எச். வி. படாஸ்கர் வகுத்த முறை கிராமத்தை அலகாகக் கொண்டது. மொழிப் பெரும்பான்மையையும் நிலத்தொடர்ச்சியையும் கணக்கில் எடுத்தது. அதன்வழி 1959இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன.

நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்கிழக்கு ஓரத்துச் சிற்றூர்களில் இன்றும் தமிழ் வழங்குகிறது. மொழிச் சிறுபான்மையினர் என்ற நிலையில் அவர்தம் கல்வியும் அலுவல் மொழியும் பற்றிய கேள்விகள் நீடிக்கின்றன. தாலுகா என்ற அளவில் பார்ப்பவர்க்கு அம்மக்கள் தெரியமாட்டார்கள். கிராமம் என்ற அளவில் தெரிவர். பழைய திருவிதாங்கூர் வருவாய்க் கணக்கின் ‘கரை’ என்ற அளவுக்கு இறங்கினால் எல்லைக்கு இருபுறமும் இரு மொழியும் கலந்திருப்பது தெரியும். அப்போது கிராம அலகும் முழுத் தீர்வு தந்திராது. விளவங்கோட்டுப் பக்கத்தில் மலையாளம் பேசும் ஊர்கள் அதே நியாயத்தைக் கேட்டிருக்கும். ஆகவே ‘எந்த அளவு சரி’ என்பதைவிட, ‘யார், எந்த அளவை, எதற்காகத் தேர்ந்தனர்’ என்பதே வரலாற்று வினா. 1996இல் ஜாக் ரெவெல் பதிப்பித்த பிரெஞ்சுத் தொகுப்பு ஒன்று அளவுகோல்களின் விளையாட்டு என்ற பெயரிலேயே இச்சிக்கலை விவாதித்தது. நுண்வரலாறும் பெருவரலாறும் ஒரே பொருளின் பெரிய படமும் சிறிய படமும் அல்ல. அளவு மாறும்போது காணும் பொருளே மாறுகிறது என்பது அவ்விவாதத்தின் சாரம்.

4

வரைபடத்திற்குச் சொன்னது எழுத்துச் சான்றுக்கும் பொருந்தும். பாறசாலைக்கு அண்மையில், எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கத்தில் முஞ்சிறையும் பார்த்திவசேகரபுரமும் உள்ளன. ஆய் வேந்தன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் மாற்றிக்கொண்டு, கோயிலும் காந்தளூரின் முறைப்படி ஒரு சாலையும் அமைத்ததைக் கி.பி. 866ஆம் ஆண்டுச் செப்பேடு கூறுகிறது. திருவனந்தபுரம் ஹுசூர் அலுவலகத்தில் இருந்தமையால் அலுவலகத்தின் பெயரால் வழங்கும் அச்செப்பேட்டை டி. ஏ. கோபிநாத ராவ் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் பதிப்பித்தார்.

அக்காலத்துப் பதிப்பாசிரியர்கள் மைப்படி எடுத்துப் படித்தனர். மைப்படி என்பது எழுத்தின் மேல் தாள் படிந்து உருவாவது. ஒன்றுக்கு ஒன்று என்ற அளவு அதன் இயல்பு. அதனை நூலில் அச்சிடும்போது சுருக்க நேர்ந்தால், எபிகிராஃபியா இந்திகா போன்ற தொகுதிகளில் படத்தின் அடியில் மூன்றில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு என அளவைக் குறித்தனர். அச்சிறு வரியே படத்தைச் சான்றாக்கியது. இன்று நாம் பகிரும் கைபேசிப் படங்களில் அவ்வரி இல்லை.

அதன் இழப்பு வாசிப்பிலேயே வெளிப்படும். வட்டெழுத்தில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. பிற்கால வட்டெழுத்தில் ப, ய, வ ஆகியவற்றின் வடிவங்கள் ஒன்றையொன்று நெருங்கிவருகின்றன. ஐயம் எழும் இடத்தில் மாணவர் முதலிற் செய்வது பெருக்கிப் பார்த்தல். ஜேபெக் முறையில் சேமித்த படம் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பகுத்துச் சுருக்கப்படுவது. மிகையாகச் சுருக்கிய படத்தைப் பெருக்கினால் அக்கட்டங்களின் விளிம்புகளும் எழுத்தைச் சூழ்ந்த கசிவுகளும் தெரியும். அவற்றுள் ஒன்றைப் புள்ளி என்றோ வளைவின் நுனி என்றோ கொண்டால், உளி செய்யாததை நாம் செய்தவராவோம். செய்திப் பரிமாற்றச் செயலிகள் வழி வந்த படங்களில் இவ்விடர் மிகுதி. பெருக்கும்போது விளிம்புகளை மழுக்கிக் காட்டும் மென்பொருள்களில், கோப்பில் இல்லாத மென்வளைவும் திரையில் தோன்றக்கூடும். ஃபோட்டோஷாப்பில் 500 விழுக்காட்டைத் தாண்டினால் புள்ளிக்கட்டக் கோடுகள் தோன்றும். எழுத்தைக் காணும் எல்லை முடிந்து, கருவியைக் காணும் எல்லை தொடங்கிவிட்டது என்பதற்கு அவற்றை எச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

5

ஆய்வு மாணவர்க்கு இதிலிருந்து சில நடைமுறைகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒரே கோப்பை இரு சாளரங்களில் திறத்தல். ஃபோட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் ஒரு படத்திற்கு இரண்டாம் பார்வையைத் திறக்க வழியுண்டு. ஒன்றில் முழுப்படமும் மற்றொன்றில் 100 விழுக்காட்டுப் பகுதியும் இருக்கட்டும். மேக்பெயின்ட்டின் மூலைச் சாளரம் கற்பித்த ஒழுங்கு இதுவே. இரண்டாவது, ஐயமான எழுத்தை 100, 200, 400 என முழு மடங்குகளில் மட்டும் ஒப்பிடுதல். ஓர் அளவில் மட்டுமே தெரியும் கூறினைச் சான்றாகக் கொள்ளாதிருத்தல். மூன்றாவது, படம் வெளியிடும்போது மூலத்தின் அளவுகோல், வருடல் அடர்த்தி, கோப்பின் வகை, காட்டிய விழுக்காடு ஆகிய நான்கையும் ஒரே வரியில் அடியிற் குறித்தல். நான்காவது, கல்வெட்டாயினும் செப்பேடாயினும் படம் எடுக்கும்போதே அளவுப்பட்டை ஒன்றை உடன் வைத்தல்.

இவற்றை வலியுறுத்தக் காரணம் உண்டு. எல்லையோரத்து நிலவுரிமை, பள்ளியின் பயிற்றுமொழி, கோயிலின் தொன்மை ஆகியவற்றைப் பற்றிய வாதங்களில் இன்று முதலிற் காட்டப்படுவது வெட்டியெடுத்துப் பெருக்கிய ஒரு படமே. அதன் கீழ் சிவப்பு அம்புக்குறி இருக்கிறது, அளவு இல்லை. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழ்வோர்க்கு அப்படம் வெறும் ஏட்டுச்செய்தியன்று. தம் மொழியில் விண்ணப்பம் எழுதும் உரிமை வரை அது தொடும். ஆகையால், களப்பணியில் எடுத்த படங்களை இங்கே பகிரும் நண்பர்கள் மேற்கூறிய அளவு வரியையும் சேர்த்துப் பகிருமாறு வேண்டுகிறேன். ஒருவர் வாசிப்பை மற்றொருவர் அதே அளவில் சரிபார்க்க அப்போதுதான் இயலும்.