ஏறு சந்தை
பங்கு விலை ஒருநாள் கூடினாலே ‘காளைச் சந்தை’ என்று எழுதிவிடுகிறார்கள். பொதுவாக, அடிமட்டத்திலிருந்து 20 சதவீதமாவது உயர்ந்தால்தான் அச்சொல் பொருந்தும். காளை, 18ஆம் நூற்றாண்டு லண்டன் தரகர் வழக்கு; விலை உயருமென்று வாங்கிப்போடுபவரை முதலில் குறித்து, பின்னர் சந்தைக்கே பெயரானது. பலேர்மோ நகரின் ஈழத்தமிழர் அன்றாடம் புழங்கும் இத்தாலிய மொழியில் விலையேற்றம் ‘ரியால்ட்சோ’. உயரத்தைச் சுட்டும் ‘ஆல்ட்டோ’வின் உறவு. பங்குச்சந்தை ‘போர்சா’, கைப்பைக்கும் அதே பெயர். இந்நகருக்கும் முன்பு தனிப் போர்சா இருந்தது; 1990களில் வணிகமெல்லாம் மிலானில் குவிந்தது. பலேர்மோவின் பல்லாரோ சந்தையில் தக்காளி விலை கூடினால் நம்மவர் ‘ஏறிட்டுது’ என்பர். ஏறு என்றால் உயர்தல். சங்க இலக்கியமான முல்லைக்கலியின் ஏறு தழுவலில் அதுவே காளை. இரு பொருளும் சேர்ந்தொலிக்கும் ‘ஏறு சந்தை’யே காளைச் சந்தைக்கு என் தேர்வு; ஒருநாள் உயர்வுக்கு ‘ஏற்றம்’ போதும்.