கரண்ட் போனா வரும் டிஸ்க் செக்கிங்

விண்டோஸ் 98 காலத்து ஆசாமிகளுக்கு அந்த நீலத்திரை மறந்திருக்காது. கரண்ட் போய் வந்ததும் ஸ்கேன்டிஸ்க் ஓடும். ஒழுங்காக ஷட் டவுன் செய்யணும் என்று உபதேசம் வேறு. ஏதோ நாம்தான் ஃபியூஸைப் பிடுங்கின மாதிரி!

ஸ்கேன்டிஸ்க் 1993ல் எம்எஸ்-டாஸ் 6.2 கூட வந்தது. அப்போ நாம கூப்பிட்டால்தான் ஓடும். கூப்பிடாமலே ஓட ஆரம்பித்தது 1996ல், விண்டோஸ் 95 ஓஎஸ்ஆர்2 பதிப்பில். விஷயம் எளிது. டிஸ்க் வேலையில் இருக்கும்போது அதில் ஒரு 'அழுக்கு' அடையாளம் விழும், முறையாக மூடினால் அழியும். நடுவில் கரண்ட் போனால் அடையாளம் அப்படியே நிற்கும். பழைய ஃபேட் முறையில் கடைசியாக என்ன எழுதினோம் என்பதற்குக் குறிப்பேடு கிடையாது. அதனால் முழு டிஸ்க்கையும் துழாவணும்.

2008லிருந்து சில வருஷம் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. தளியில் கரண்ட் போனால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் திட்டு விழும் :) ஓசூர் பெரிய கம்பெனிகளுக்கு ஜெனரேட்டர் உண்டு. சின்ன டிடிபி கடைக்காரர் யூபிஎஸ் பேட்டரி செத்தால் என்ன செய்வார்? நாலு தடவை கரண்ட் போனால் நாலு தடவை செக்கிங், விண்ணப்பம் அடிக்க வந்தவர் வாசலில். "அந்தக் கருமத்தை நிறுத்திக் குடுப்பா" என்பார்.

நிறுத்துவது சுலபம். 98ல் எம்எஸ்டாஸ்.சிஸ் கோப்பில் ஆட்டோஸ்கேன்=0. எக்ஸ்பியில் செக்என்டிஎஃப்எஸ் /எக்ஸ் சி: என்று ஒரே வரி. ஆனால் அழுக்கு அடையாளம் அழியாது, விண்டோஸ் அதைக் கண்டும் காணாமல் போகும், அவ்வளவுதான்.

98ல் எரிச்சல் நியாயம். என்டிஎஃப்எஸ் கதை வேற. அதில் குறிப்பேடு உண்டு, கரண்ட் போனாலும் பெரும்பாலும் அதைப் பார்த்தே சரிசெய்துகொள்ளும். அப்படியும் தினமும் செக்கிங் வந்தால் ஹார்ட் டிஸ்க்கே சாகக் கிடக்கலாம். அப்போ அந்த ஒரு வரியைத் தட்டினால், கடைக் கணக்கெல்லாம் போற அன்னிக்குத்தான் விஷயம் தெரியும். முதலில் காப்பி எடுங்க சாமி.

லினக்ஸ்காரர்கள் செய்ததைப் பாருங்கள். ஈஎக்ஸ்டி2ல் கோளாறு இல்லாவிட்டாலும் சில தடவை பூட் ஆனதும், இல்லை 180 நாள் கழித்தும் செக்கிங் வரும். ஈஎக்ஸ்டி3யில் குறிப்பேடு வந்தது, 2001ல் கெர்னலில் சேர்ந்தது. 2011ல் அந்தத் தவணைச் செக்கிங்கை அவர்களே நிறுத்தினார்கள். ஆனால் கோளாறு அடையாளம் இருந்தால் வரும் செக்கிங்கைத் தொடவில்லை.

அதே 2011 செப்டம்பரில் அரசு விலையில்லா மடிக்கணினி தர ஆரம்பித்தது. கூடவே பேட்டரி! கரண்ட் போனாலும் மெஷின் ஓடும். நிறுத்தணும் என்ற பேச்சே அந்த வீடுகளில் எழவில்லை.