சேலம் 1692: சூனியக்காரியைத் தேடிய ஒரு கிராமத்தின் கதை

நீண்ட பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

சென்ற வாரம் எமது பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். "சேர், 'த விட்ச்' என்று ஒரு படம் பார்த்தேன். 1630களில் அமெரிக்காவில் காட்டோரம் வாழும் ஒரு குடும்பம். குழந்தை காணாமல் போகிறது, சூனியக்காரி வருகிறாள், கடைசியில் கறுப்பு ஆடு பேசுகிறது. இப்படியெல்லாம் நடந்ததா?" என்று கேட்டார்.

"ஆடு பேசவில்லை தம்பி. அயலவர்கள்தான் பேசினார்கள். அதனால் 19 பேர் தூக்கில் தொங்கினார்கள்" என்றோம்.

ரொபர்ட் எக்கர்ஸ் 2015இல் எடுத்த அந்தப் படம் கற்பனைதான். ஆனால் அதன் உரையாடல்களில் பல அக்கால நீதிமன்றப் பதிவுகளிலும் நாட்குறிப்புகளிலும் இருந்து எடுக்கப்பட்டவை. அந்தப் பதிவுகளுக்குப் பின்னால் இருக்கும் உண்மைக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறோம்.

யார் இந்த பியூரிட்டன்கள்?

இங்கிலாந்துத் திருச்சபை இன்னும் போதியளவு சுத்தமாகவில்லை, பழைய சடங்குகள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று சொன்ன கிறிஸ்தவர்களே பியூரிட்டன்கள், அதாவது தூய்மைவாதிகள். 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்த குழுவினர் பிளிமத்தில் குடியேறினார்கள். 1630இல் ஜோன் வின்திரொப் தலைமையில் பெருந்தொகையானோர் மஸாச்சுசெட்ஸில் இறங்கினார்கள். உலகுக்கே முன்மாதிரியான ஓர் இறைபக்தியுள்ள சமூகத்தைக் கட்டுவதே அவர்களின் கனவு.

புறச்சமயத்தின் நிழல்கூடத் தங்கள் மீது படக்கூடாது என்பதில் அவர்கள் மிகவும் கண்டிப்பாக இருந்தார்கள். கிழமைகளின் ஆங்கிலப் பெயர்களில் பழைய தெய்வங்களின் பெயர்கள் இருக்கின்றன என்பதற்காகப் பலர் முதலாம் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணியே சொன்னார்கள். கிறிஸ்மஸ்கூட புறச்சமயத்திலிருந்து வந்தது என்று கருதி, அதைக் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் தண்டம் என்று 1659இல் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டம் 1681 வரை இருந்தது.

தோமஸ் மோர்ட்டன் என்பவர் இன்றைய குவின்சி நகரப் பக்கமாக மெரிமவுண்ட் என்றொரு குடியேற்றம் வைத்திருந்தார். இங்கிலாந்துக் கிராமங்களில் செய்வதுபோல மே மாதத்தில் 80 அடிக் கம்பம் ஒன்றை நட்டு, உச்சியில் மான்கொம்பு கட்டி, பூர்வீக மக்களையும் அழைத்து ஆடிப் பாடினார். பிளிமத்துக்காரருக்கு அது விக்கிரக வணக்கமாகவே தெரிந்தது. 1628இல் அவரைப் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். கம்பம் வெட்டி வீழ்த்தப்பட்டது.

கம்பத்தை வெட்டுவது லேசு. மனதுக்குள் இருப்பதை வெட்டுவது அப்படியல்ல. அதே பக்திமான்களின் வீடுகளில் கதவுக்கு மேலே குதிரை லாடம் தொங்கியது. சுவருக்குள் பழைய சப்பாத்தை ஒளித்து வைத்தார்கள். இளம்பெண்கள் கண்ணாடிக் கிண்ணத்தில் முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றி, வரப்போகும் கணவன் யார் என்று பார்த்தார்கள். ஒரு பெண்ணுக்கு அதில் சவப்பெட்டி தெரிந்ததாக ஜோன் ஹேல் என்ற போதகர் எழுதியிருக்கிறார். இவரை மறந்துவிடாதீர்கள், பிறகும் வருவார்.

சேலம் கிராமம்

இது தமிழ்நாட்டுச் சேலம் அல்ல. வேதாகமத்தில் வரும் ஊரின் பெயர். நாம் தினமும் சொல்லும் ஸலாமுக்கு உறவான சொல், அமைதியைக் குறிப்பது. அந்தப் பெயருள்ள ஊரில்தான் இது நடந்தது. சேலம் நகரம் துறைமுகம். சேலம் கிராமம் அதை அண்டிய விவசாயப் பகுதி, இன்று அதன் பெயர் டான்வர்ஸ்.

கிராமத்தில் ஏற்கெனவே ஆயிரம் பிணக்குகள். காணி எல்லைச் சண்டை, குடும்பப் பகை, போதகருக்குச் சம்பளமும் விறகும் கொடுப்பதா இல்லையா என்ற இழுபறி. வடக்கே பூர்வீக மக்களுடனும் பிரெஞ்சுக்காரருடனும் போர். 1692 ஜனவரியில் மெயின் பகுதியிலுள்ள யோர்க் ஊர் தாக்கப்பட்டது. அங்கிருந்தெல்லாம் தப்பி வந்த அகதிகள் சேலம் பகுதியில் இருந்தார்கள். குற்றம் சாட்டிய பெண்களிலும் அப்படிப் போரில் பெற்றோரை இழந்தவர்கள் உண்டு.

அந்த ஜனவரியில்தான் போதகர் சாமுவேல் பரிஸின் ஒன்பது வயது மகள் பெட்டிக்கும், 11 வயது உறவுப்பிள்ளை அபிகேலுக்கும் விசித்திரமான வலிப்பு வரத்தொடங்கியது. கத்தினார்கள், உடலை முறுக்கினார்கள், யாரோ கிள்ளுவதாகச் சொன்னார்கள். வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, இது தீய கையின் வேலை என்றார்.

இங்கே ஒரு விசயத்தைக் கவனியுங்கள். பெப்ரவரி 25 அன்று மேரி சிப்லி என்ற அயல்வீட்டுப் பெண் ஒரு பரிகாரம் சொன்னார். ரை தானிய மாவில் அந்தப் பிள்ளைகளின் சிறுநீரைக் கலந்து ரொட்டி சுட்டு, நாய்க்குக் கொடுத்தால் சூனியம் செய்தவர் யாரென்று தெரியுமாம். அவர் சபையின் உறுப்பினர்! பின்னர் போதகர் பரிஸ், ஷைத்தானை விரட்ட ஷைத்தானிடமே போனதாகச் சபைக்கு முன்னால் அவரைக் கண்டித்தார். அவரும் அழுது மன்னிப்புக் கேட்டார். கதை அதோடு முடிந்தது. அவர் சூனியக்காரி ஆகவில்லை, ஏனென்றால் அவர் 'எங்கட ஆள்'.

முதல் மூவர்

பிள்ளைகளிடம் பெரியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "யார் செய்தது? அவளா? இவளா?" கடைசியில் மூன்று பெயர்கள் வந்தன. சாரா குட், வீடு வீடாகப் போய்க் கையேந்தியவர். சாரா ஒஸ்போர்ன், நோயாளி, சொத்து வழக்கில் மாட்டியிருந்தவர், பல மாதங்களாகத் தேவாலயத்துக்குப் போகாதவர். டிட்டுபா, போதகர் வீட்டின் அடிமைப் பெண். மூவருக்கும் பரிந்து பேச ஊரில் ஆளில்லை.

டிட்டுபாவைக் கறுப்பினப் பெண் என்று பல கதைகள் சொல்கின்றன. ஆனால் நீதிமன்றப் பதிவுகள் அவரைச் செவ்விந்தியர் என்றே குறிக்கின்றன. முதலில் மறுத்தார், பிறகு ஒப்புக்கொண்டார். பொஸ்டனிலிருந்து வந்த உயரமான மனிதன், கறுப்பு நாய், மஞ்சள் பறவை, ஒன்பது அடையாளங்கள் இடப்பட்ட புத்தகம் என்று கேட்டவர்களுக்கு எது வேண்டுமோ அதையெல்லாம் சொன்னார். எஜமான் அடித்துத்தான் சொல்லவைத்தார் என்று பின்னர் கூறியதாகப் பதிவு உண்டு.

ஒன்பது அடையாளம் என்றால், மற்றவர்கள் யார்? அந்தக் கேள்விதான் ஊரை எரித்தது. சாரா குட்டின் நான்கைந்து வயது மகள் டொரதியும் கைது செய்யப்பட்டாள். விலங்கிட்டு மாதக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். பின்னர் அவள் ஒருபோதும் சரியான நிலைக்குத் திரும்பவில்லை என்று தகப்பன் எழுதினார்.

நீதிமன்றம்

1692 மே மாதம் புதிய ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் விசேட நீதிமன்றம் ஒன்றை அமைத்தார். வில்லியம் ஸ்டோட்டன் தலைமை நீதிபதி. சூனியத்துக்கு மரண தண்டனை என்பது 1641இலேயே மஸாச்சுசெட்ஸ் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. பிரச்சினை, எதைச் சாட்சியமாக ஏற்பது என்பதில்தான் இருந்தது.

"இந்தப் பெண்ணின் உருவம் இரவில் வந்து என் கழுத்தை நெரித்தது" என்று ஒருவர் சொன்னால் அது சாட்சியம். அந்த நேரத்தில் அந்தப் பெண் வேறிடத்தில் பத்துப் பேருக்கு நடுவே இருந்தாலும் பயனில்லை. வந்தது அவளின் உடல் அல்ல, உருவம். சாட்டியவருக்கு மட்டும்தான் அது தெரியும். இதற்கு எந்தச் சட்டத்தரணி மறுப்புச் சொல்ல முடியும்? அவர்களுக்குச் சட்டத்தரணியும் இருக்கவில்லை.

71 வயதான ரெபேக்கா நேர்ஸ் ஊரே மதித்த பக்தியுள்ள தாய். அவருக்காக 39 அயலவர்கள் மகஜர் ஒன்றில் கையொப்பமிட்டார்கள். அந்தச் சூழலில் கையொப்பமிடுவது என்ன துணிவு என்று யோசித்துப் பாருங்கள். ஜூரிகள் முதலில் அவரைச் சுற்றவாளி என்றார்கள். குற்றம் சாட்டிய பெண்கள் மன்றத்திலேயே அலறினார்கள். மீண்டும் யோசியுங்கள் என்று ஸ்டோட்டன் திருப்பியனுப்பினார். அவர் முன்பு சொன்ன ஒரு வார்த்தைக்கு விளக்கம் கேட்டபோது, காது மந்தமான அந்தத் தாய்க்குக் கேள்வி விளங்கவில்லை. பேசாமல் இருந்தார். தீர்ப்பு மாறியது. ஜூலை 19 அன்று தூக்கிலிட்டார்கள்.

ஓகஸ்ட் 19 அன்று ஜோர்ஜ் பரோஸ் என்ற முன்னாள் போதகர், தூக்குமரத்தில் நின்றபடி இயேசு கற்பித்த பிரார்த்தனையைப் பிழையில்லாமல் ஓதினார். சூனியக்காரரால் அது முடியாது என்பதுதான் அவர்களின் நம்பிக்கை. கூட்டம் கலங்கியது. ஆனாலும் தூக்கு நிற்கவில்லை. 80 வயதளவான கைல்ஸ் கோரி விசாரணையை ஏற்க மறுத்ததால், அவரது உடல்மேல் கற்களை ஏற்றி நசுக்கினார்கள்.

மொத்தக் கணக்கு: தூக்கில் 14 பெண்களும் 5 ஆண்களும், கற்களுக்கு அடியில் ஒருவர், சிறையில் குறைந்தது ஐந்து பேர். கைதானவர்கள் 150க்கு மேல். யாரையும் எரிக்கவில்லை. எரித்தார்கள் என்பது ஐரோப்பியச் சம்பவங்களோடு குழப்பிக்கொண்ட கதை.

இதில் மிகக் கொடுமையான கணக்கு ஒன்று உண்டு. "ஆம், நான் சூனியக்காரிதான்" என்று ஒப்புக்கொண்டு அதிலேயே நின்ற ஒருவரைக்கூடத் தூக்கிலிடவில்லை. ஒப்புக்கொண்டவர் வேறு பெயர்களைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பொய் சொன்னவர்கள் உயிர் தப்பினார்கள். பொய் சொல்ல மறுத்தவர்கள் இறந்தார்கள். ரெபேக்காவின் தங்கை மேரி ஈஸ்டி அதைத் தெரிந்துகொண்டே மறுத்தார். நான் சாக வேண்டியதுதான் என்று தெரியும், இனிமேலாவது குற்றமற்ற இரத்தம் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் ஒரு மனு எழுதிவிட்டு, செப்டம்பர் 22 அன்று தூக்கேறினார்.

எப்படி நின்றது?

குற்றச்சாட்டு மேலே ஏறியபோது நின்றது. போதகர் ஜோன் ஹேல் ஆரம்பத்தில் விசாரணைகளை ஆதரித்தவர். அவரின் மனைவியின் மீதே பழி வந்தபோதுதான் அவருக்கு விளங்கியது. ஆளுநரின் மனைவியின் பெயரும் அடிபட்டது. குற்றமற்ற ஒருவர் சாவதைவிடச் சந்தேகத்துக்குரிய பத்துப் பேர் தப்புவது நல்லது என்று இன்க்ரீஸ் மதர் என்ற மூத்த போதகர் வாதிட்டார். ஒக்டோபர் இறுதியில் ஃபிப்ஸ் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். புதிய நீதிமன்றம் உருவச் சாட்சியத்தை ஏற்கவில்லை. உடனே வழக்குகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

விடுதலையானவர்களும் சிறைச் செலவைத் தாமே கட்ட வேண்டும். லிடியா டஸ்டின் என்ற மூதாட்டி நிரபராதி என்று தீர்ப்பாகியும், அந்தக் காசைக் கட்ட வழியில்லாமல் 1693இல் சிறையிலேயே இறந்தார்.

1697 ஜனவரியில் சாமுவேல் சூவல் என்ற நீதிபதி, பொஸ்டன் தேவாலயத்தில் தனது குற்றத்தை ஏற்கும் கடிதம் வாசிக்கப்படும்போது எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்றார். 12 ஜூரிகளும் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். 12 வயதில் பலரைக் குற்றம் சாட்டிய ஆன் புட்னம் 1706இல் சபை முன்னால் வருந்தினார். ஸ்டோட்டன் கடைசிவரை கேட்கவில்லை. 1711இல் குடும்பங்களுக்கு 578 பவுண் 12 ஷில்லிங் நட்டஈடு கொடுத்தார்கள்.

காரணம் என்ன என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். தானியத்தில் பிடித்த பூஞ்சை என்று 1976இல் ஒருவர் எழுதினார், அதே ஆண்டிலேயே அதற்கு மறுப்பும் வந்தது. காணிப்பகை என்றும், போர்ப் பயம் என்றும் சொல்பவர்கள் உண்டு. எமது பார்வையில் பயமும் பகையும் எல்லா ஊரிலும் இருப்பவை. சேலத்தில் நடந்த வித்தியாசம், ஆதாரம் கேட்க வேண்டியவர்கள் கேட்காமல் விட்டது.

எமது சிறுவயதில் ஒழுங்கைக் கடைசியில் தனியாக ஒரு மூத்தம்மா இருந்தார். அவர் 'செய்வினைக்காரி' என்று கதை. பெருநாளைக்கு அவர் ஆசையோடு தரும் தொதலை வாங்கி, வேலிக்கு அப்பால் வீசிவிட்டு ஓடுவோம். அவர் மௌத்தாகிப் பல வருடங்களுக்குப் பிறகுதான் யோசித்தோம்: அந்தக் கதையை யார் தொடங்கினார்? கண்டவர் யார்? ஒருவரும் இல்லை. வீசியவர்களில் நாமும் இருந்தோம். இன்று அவரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை.

கடைசியாக ஒரு செய்தி. சேலத்தில் தண்டிக்கப்பட்டவர்களில் எலிசபெத் ஜோன்சன் என்ற பெண்ணின் பெயர் மட்டும் 2022 வரை சட்டப்படி சுத்தமாகவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை, கேட்க வாரிசும் இல்லை. வட அண்டோவர் ஊரின் எட்டாம் தரப் பிள்ளைகள், தங்கள் ஆசிரியையோடு ஆவணங்களைத் தேடிப் படித்து, சட்டமன்றத்துக்கு எழுதி, விடாமல் நின்று, 329 வருடங்களுக்குப் பிறகு அந்தப் பெயரை மீட்டெடுத்தார்கள்.

1692இல் பிள்ளைகளின் வாயில் பெரியவர்கள் பெயர்களைத் திணித்தார்கள். 2022இல் பிள்ளைகளே தேடிப் படித்து ஒரு பெயரைக் காப்பாற்றினார்கள். அடுத்தமுறை ஒருவரின் பெயரோடு ஒரு குரல்பதிவு உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தால், அதை அனுப்ப முன்னர் "கண்டது யார்?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்குக் கேட்கும்படியாகக் கேளுங்கள்.