மாரியோவின் அப்பாவுக்கும் செவாலியே!

புதுச்சேரிக்குப் போனவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிவாஜி சிலையைப் பார்த்திருப்பீர்கள். நடிகர் திலகத்துக்கு பிரான்ஸ் நாட்டின் செவாலியே விருது கிடைத்தது 1995-ல். கலை, இலக்கியத்துக்காக அந்நாட்டுக் கலாசார அமைச்சகம் தருகிற கௌரவம் அது.

பதினோரு வருஷம் கழித்து அதே விருது யாருக்குப் போச்சு தெரியுமா? பரீட்சை நேரத்தில் உங்க பையன் விளையாடுகிறான் என்று பிளக்கைப் பிடுங்கினீங்களே... அந்த வீடியோ கேம் ஆசாமிகளுக்கு! 2006 மார்ச்சில் மூன்று பேர். ஜப்பானின் ஷிகேரு மியமோட்டோ, பிரான்ஸின் மிஷெல் ஆன்செல், ஃபிரெடெரிக் ரேனால்.

'பொம்மையைக் குதிக்கவைக்கிற ஆளும் சிவாஜியும் ஒண்ணா?' என்று கோபம் வரலாம். கொஞ்சம் பொறுங்கள். (மூவரில் இருவர் உள்ளூர்க்காரர்கள். சொந்த ஊர்த் தொழிலுக்கு பிரான்ஸ் போட்டுக்கொண்ட மாலை என்றும் சொல்லலாம்தான்!)

மியமோட்டோ 1981-ல் செய்த விளையாட்டு, 'டாங்கி காங்'. ஒரு பெண்ணைக் குரங்கு தூக்கிப்போகிறது. ஒரு தச்சர் மீட்கப் போகிறார். நம்ம கதையில் குரங்கு மீட்கிற கட்சி, அங்கே கடத்துகிற கட்சி! திரையில் அந்தத் தச்சருக்குக் கிடைத்ததோ சில புள்ளிகள். வாய் வரைய இடமில்லை... மூக்குக்குக் கீழே மீசையை ஒட்டினார். தலைமுடி வரைவது கஷ்டம்... தொப்பியை மாட்டினார். அந்த மீசைக்காரர்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மாரியோ.

ரேனால் வேற ரகம். 1992-ல் வந்த அவருடைய 'அலோன் இன் தி டார்க்'கில் ஒரு பாழடைந்த பங்களா. மொட்டை இருட்டு. பரண் அறையில் தனியாக நிற்கிறீர்கள். ஜன்னலை உடைத்துக்கொண்டு ஏதோ ஒன்று வரப்போகிறது. பீரோவை நகர்த்தி ஜன்னலை அடைத்தால் நல்லது. சும்மா நின்றால்... போச்சு! சினிமாவில் கதாநாயகி பேய் வீட்டுக் கதவைத் திறக்கப் போனால், 'வேண்டாம்மா' என்று நாம் முனகுவதோடு சரி. இங்கே கதவைத் திறக்கிற கை உங்களோடது. அப்புறம் நடக்கிறதுக்குப் பொறுப்பும் உங்களோடது. சிவாஜியே நடித்தாலும் சினிமாவில் நடக்காத சமாச்சாரம் இது.

பயமுறுத்த மட்டும்தான் இது லாயக்கா? நம்ம வீட்டுக் கதையைச் சொல்ல முடியாதா? சொல்லிட்டாங்க. அதுவும் தமிழ்ப் பெயரோடு! கனடாவின் டொரன்டோவில் இருக்கும் 'விசை கேம்ஸ்' 2023-ல் வெளியிட்ட 'வெண்பா'. கதை ஆரம்பிப்பது 1988-ல். கனடாவுக்குக் குடிபோன தமிழ்த் தம்பதி. அவர்களுக்குப் பிறக்கும் மகன் கவின். துப்பாக்கி கிடையாது. சமையல்தான்! ஊரிலிருந்து கொண்டுபோன சமையல் குறிப்பு நோட்டு அங்கங்கே அழிந்து கிடக்கிறது. விட்டுப்போனதை ஊகித்து நீங்கள்தான் இட்லி ஊற்ற வேண்டும். 2024-ல் 'பாஃப்டா' விருதே கிடைத்தது, முதல் முயற்சிகளுக்கான பிரிவில்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம். 1962 ஆகஸ்ட் 16-ல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, 'பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும்' என்று எழுதிக்கொடுத்த குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை 'சொல்தா' என்பார்களே, அவர்களும் அதில் உண்டு. இங்கே பாட்டி போனில் தமிழில் கேட்க, பாரீஸிலிருந்து பேரன் பிரெஞ்சில் பதில் சொல்கிற வீடுகள்.

'வெண்பா'வில் கவினும் வளர்கிறான். ஒரு நாள் அம்மாவின் தமிழ்க் குறிப்பை வைத்துக்கொண்டு தனியாகச் சமைக்க நிற்கிறான். படிக்க வரவில்லை, தட்டுத் தடுமாறுகிறான். அந்த நேரம் பார்த்து ஆட்டம் அவன் கையை உங்களிடம் கொடுத்துவிடுகிறது. அம்மா எழுதியது பாதி புரிந்து, பாதி புரியாமல் அடுப்பு முன்னால் நிற்பது நீங்கள்.