அப்பா ஒல்லியாகிப் போன கதை

குறுவை அறுத்து, தாளடி நடவும் முடிஞ்சு, வாய்க்கால்ல தண்ணி ஒழுங்கா வந்துக்கிட்டிருக்கு. கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சா நம்ம கை சும்மா இருக்குமா? பரணில் இருந்த தகரப்பெட்டியை இறக்கினேன். உள்ளே தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசா ஒரு மினி டிவி டேப். மேலே அத்தான் கையெழுத்தில் "தை அறுப்பு 2006" என்று எழுதியிருந்தது.

அந்த வருஷம் பொங்கலுக்கு சிங்கப்பூரில் இருந்து வந்த அத்தான் ஒரு கேமரா கொண்டுவந்திருந்தார். வயல் அகலமா விரிஞ்சு கிடக்கே என்று, கேமராவில் இருந்த அகலத்திரை வசதியைப் போட்டு ஒரு மணி நேரம் எடுத்தார். அரிவாள் அறுப்பு, கட்டு தூக்குறது, களத்தில் அடிக்கிறது எல்லாம் அதில் இருக்கு. அப்பாவும் இருக்கார். 2011ல் அவர் போயிட்டார். அவர் நடந்து, பேசி, சிரிக்கிற படம் எங்களிடம் இது ஒன்றுதான்.

கார்த்திகையில் அப்பா தெவசம் வருது, அன்னிக்கு எல்லாருக்கும் போட்டுக் காட்டலாம் என்று நினைச்சேன். அத்தானோட பழைய கேமரா இன்னும் ஓடுது. ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஃபயர்வயர் கார்டு செருகி, டேப் முழுவதையும் ஏற்றினேன். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி. எடிட்டிங் மென்பொருளில் போட்டு, கிடைச்ச இடத்தில் வெட்டி ஒட்டி, அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

அம்மா ரெண்டு நிமிஷம் பார்த்தாங்க. "என்ன தம்பி, உங்க அப்பா கடைசியில படுக்கையில கிடந்த மாதிரியே இருக்காரு" என்று சொல்லிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போயிட்டாங்க.

நான் திரும்பப் பார்த்தேன். நிஜம்தான். முகம் நீண்டு, கன்னம் ஒட்டி, தோள் குறுகி, நோயில் கிடந்த கடைசி மூணு மாசத்து அப்பா. 2006ல் அவர் நெல்மூட்டையைத் தனியாத் தூக்குவார். படத்தில் ஏதோ தப்பு. அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று தேடப் போய், நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு கதை கிடைச்சுது.

1890களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் டிக்சன் என்பவர் 35 மில்லிமீட்டர் ஃபிலிமைப் பயன்படுத்தினார். ஒரு படத்துக்கு ஓரத்தில் நாலு துளை என்று கணக்கு வைத்தார். அதில் விழுந்த கட்டம் நாலு பங்கு அகலம், மூணு பங்கு உயரம். உலகமே அதைப் பிடிச்சுக்கிச்சு. பேசும் படம் வந்தப்போ ஒலிக்கும் ஃபிலிமில் இடம் விட வேண்டியிருந்ததால் 1932ல் 1.37க்கு 1 என்று சின்ன மாற்றம் செய்தார்கள். பிறகு வந்த டெலிவிஷனும் அதே நாலுக்கு மூணு பெட்டியை எடுத்துக்கிச்சு.

டிவி வீட்டுக்குள்ள வந்ததும் அமெரிக்காவில் தியேட்டர் கூட்டம் குறைஞ்சுது. வீட்டில் கிடைக்காததைக் காட்டினால்தானே ஜனம் வரும்? அதனால் திரையை அகலமாக்கினார்கள். பிரான்ஸைச் சேர்ந்த ஆன்ரி கிரெத்தியன் ஏற்கெனவே கண்டுபிடிச்சு வைத்திருந்த லென்ஸைக் கொண்டு, 1953ல் 'தி ரோப்' என்ற சினிமாஸ்கோப் படம் வந்தது. அந்த லென்ஸ் செய்த வேலை எளிது. எடுக்கும்போது காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக அமுக்கி ஃபிலிமுக்குள் அடைக்கும். ஓட்டும்போது புரொஜெக்டரில் இன்னொரு லென்ஸ் அதை ரெண்டு மடங்கா விரிச்சுக் காட்டும். இந்தியாவில் 1959ல் 'காகஸ் கே ஃபூல்' இப்படி வந்தது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் 1973ல் சிவாஜி நடித்த 'ராஜராஜ சோழன்'.

எங்க பக்கத்து ஊர் டூரிங் டாக்கீஸில் சில நாள் அந்த விரிக்கிற லென்ஸை மாட்ட மறந்திருவாங்க. கதாநாயகனும் நாயகியும் தென்னைமரம் மாதிரி நிப்பாங்க. விசில் பறக்கும். மணல்ல உட்கார்ந்து நானும் கத்தியிருக்கேன். அன்னிக்குச் சிரிச்ச அதே கோளாறுதான் என் வீட்டில் அப்பாவுக்கு நேர்ந்திருக்கு.

1980களில் புதிய டிவிக்கு என்ன வடிவம் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. பழைய டிவி 1.33, சினிமாஸ்கோப் 2.35, நடுவில் இன்னும் சில அளவுகள். கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர், ஒரே பரப்பளவு வருகிற மாதிரி ஒவ்வொரு அளவுக்கும் ஒரு செவ்வகம் எடுத்து, நடுப்புள்ளி சேர ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் சுற்றி அடக்கும் செவ்வகம் 1.78 அளவில் வந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவான உள்செவ்வகமும் அதே அளவில் வந்தது. அதுதான் 16க்கு 9. இன்று உங்க வீட்டுச் சுவரில் தொங்குற டிவி இந்த வடிவம்தான்.

இனி நம்ம டேப்புக்கு வருவோம். 1995ல் வீட்டு உபயோகத்துக்கு டிவி வகைக் கேமராக்கள் வந்தன. நம்ம நாட்டு முறையில் ஒரு படம் என்பது குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகள். வயலைப் பாத்தி பிரிக்கிற மாதிரி நினைச்சுக்குங்க. பழைய வடிவத்துக்கும் அதே 720 பாத்தி, அகலத்திரைக்கும் அதே 720 பாத்தி. எண்ணிக்கை மாறாது, ஒவ்வொரு பாத்தியின் அகலம்தான் மாறும். அகலத்திரையில் ஒரு புள்ளியின் அகலம் அதன் உயரத்தைப் போல 1.42 மடங்கு. சினிமாஸ்கோப்பில் லென்ஸ் அமுக்கினதை இங்கே கணக்கு அமுக்குது, அவ்வளவுதான்.

"இது அகலப் படம், விரிச்சுக் காட்டு" என்று கேமரா டேப்பிலேயே ஒரு சின்னக் குறிப்பை எழுதி வைக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காத மென்பொருளில் போட்டால் 16 பங்கு அகலம் 12 பங்காகச் சுருங்கிரும். மனுஷன் கால்வாசி இளைச்சுப் போவான். சர்வே கல் காணாமப் போன நிலம் மாதிரி: நிலம் அப்படியேதான் இருக்கு, அளவு தெரியாம நாம தடுமாறுறோம்.

இன்னொரு விஷயமும் அப்போதான் உறைச்சுது. அந்த வருஷமே டவுனில் ஒரு ஸ்டுடியோவில் இதே டேப்பைக் கொடுத்து ஒரு சிடி போட்டிருந்தோம். அதில் ஆட்கள் ஒழுங்காத்தான் இருந்தாங்க, ஆனா அப்பா அதிகம் இல்லை. அவர் எங்கேயும் நடுவில் நிக்க மாட்டார். குடையோட வரப்பு ஓரத்தில்தான் நிப்பார். ஸ்டுடியோக்காரர் டிவிக்குப் பொருந்த வேண்டும் என்று ரெண்டு ஓரத்தையும் வெட்டிட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அப்போ ஊர்ல இருந்த டிவி எல்லாம், 2006ல் தொடங்கிய அரசு இலவச கலர் டிவி உட்பட, நாலுக்கு மூணு பெட்டிதான். மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வந்தா "பாதி டிவி தெரியல"ன்னு சண்டைக்கு வருவாங்க. வெளிநாடுகளிலும் பெரிய பெரிய அகலப் படங்களையே டிவிக்காக இப்படி ஓரம் வெட்டித்தான் காட்டினாங்க. பக்கத்துக்கு எட்டில் ஒரு பங்கு போகும். எங்க வீட்டுக் கணக்கில் அந்த எட்டில் ஒரு பங்கில் அப்பா நின்னுக்கிட்டிருந்தார்.

சரி, எப்படிச் சரி பண்ணினேன்? முதல் வேலையா, டேப்பில் இருந்து ஏற்றின ஃபைலை ரெண்டு இடத்தில் பிரதி எடுத்து வைத்தேன். பிறகு வெட்டுறதுக்கு முன்னாடியே, புது புராஜெக்ட்டில் பால் முறை, அகலத்திரை, நொடிக்கு 25 படம் என்று அமைத்தேன். கிளிப்பின் விகிதத்தையும் 16க்கு 9 என்று கையால் மாற்றினேன். சரியா வந்துச்சான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. படத்தில் வட்டமான ஒன்றைத் தேடுங்க. எனக்கு மாட்டுவண்டிச் சக்கரம் கிடைச்சுது. திரையில் நூல் பிடிச்சு அளந்தேன். குறுக்கும் நெடுக்கும் சமமா இருந்தது. கடைசியா 1024க்கு 576 என்று சதுரப் புள்ளியாக மாற்றி எடுத்தேன். இனி எந்தக் குறிப்பும் தேவையில்லை, எதில் போட்டாலும் ஆள் ஆளாத்தான் இருப்பார். வீட்டில் எடிட்டிங் கத்துக்கிற யாரும் முதலில் பழக வேண்டியது இதைத்தான். பாட்டு, எழுத்து எல்லாம் அப்புறம்.

தெவசத்தன்னிக்கு சாப்பாடு முடிஞ்சு போட்டேன். அம்மா முதலில் வர மாட்டேன்னுட்டாங்க. அக்கா கையைப் பிடிச்சு உட்கார வச்சா. வலது ஓரத்தில் குடையோட அப்பா. வட்ட முகம், வேட்டியை மடிச்சுக் கட்டின அகலமான ஆள். யாரையோ பார்த்து, கட்டைச் சிந்தாம தூக்கச் சொல்லி அதட்டுறார்.

அம்மா எதுவும் பேசலை. முழு ஒரு மணி நேரமும் பார்த்தாங்க. முடிஞ்சதும், "அந்த வரப்பு வேப்பமரம் அப்ப இருந்துருக்கு பாரு" என்றாங்க. இன்னொரு தடவை போடச் சொன்னாங்க.

உங்க வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு டேப் கிடக்கலாம். "எங்ககிட்டதான் சிடி இருக்கே" என்று அதைத் தூக்கிப் போட்டுறாதீங்க. நாள் ஆக ஆக டேப் கெடும், ஓட்டுற கேமராவும் அரிதாகிக்கிட்டே வருது. இந்த மழை விடுறதுக்குள்ள எடுத்துப் பாருங்க. ஓரத்துல யார் நிக்கிறாங்கன்னும் பாருங்க.